கரும்புத் தொட்டில் போன வீதி

இது யார் கண்ணில் பட்டாலும், தயவுசெய்து ஒருவரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக என் மாமாவிடம்.

என் செல்ல அப்பா,

நீங்கள் கண்ணை மூடிய பிறகு மாட வீதி முழுக்க சிமென்ட் ரோடு போட்டுவிட்டார்கள். எதிரே இருந்த பழைய மச்சு வீடு லாட்ஜ் ஆகிவிட்டது. கோயிலையும் வீதிகளையும் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் இன்னமும் உங்களைத்தான் விசாரிக்கிறார்கள். இல்லை என்று சொல்லி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நானே கூட்டிப்போகிறேன்.

உங்களை மாதிரியே கிழக்குக் கோபுரத்தில் ஆரம்பிக்கிறேன். வடக்கே வந்ததும் நீங்கள் கேட்பதையே கேட்கிறேன்: "கெழக்க ராஜா கட்டினாரு. இத ஒரு பொம்பளை வீடு வீடாப் போய் கேட்டுக் கட்டினாங்க. எது ஒசத்தினு நீங்களே சொல்லுங்க." எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். ஆனால் தெற்குக் கோபுரத்தடியில் நீங்கள் சொல்லும் கதை எனக்குப் பாதிதான் தெரியும். மீதியை யாரிடம் கேட்பேன்?

போன வாரம் ஒரு அக்கா கரும்புத் தொட்டில் பற்றிக் கேட்டார். வேண்டிக்கொண்டு பிள்ளை பெற்றவர்கள், கார்த்திகைத் தேர் அன்று கரும்பில் புடவை கட்டி, குழந்தையை அதில் போட்டு நாலு வீதியும் தூக்கி வருவார்கள் என்று சொன்னேன். "இவள அப்படித் தூக்கினு வந்தவன்தான் நானு" என்பீர்களே, அதை மட்டும் விட்டுவிட்டு அடுத்த வீதிக்குக் கூட்டிப்போய்விட்டேன். நீங்கள் அதைச் சொல்லும்போதெல்லாம் கூச்சப்பட்டு உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். ஒரு தடவையாவது பக்கத்தில் நின்றிருக்கலாம்.

அன்றைக்குத்தான் மாமா பார்த்துவிட்டார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "ஊர் பேர் தெரியாதவங்களோட வயசுப் பொண்ணு தனியா வீதி சுத்துது. நீ பாத்துனு இருக்கியா?" என்றார். அம்மா அடுப்பை விட்டுத் திரும்பவே இல்லை. நாளை மதியம் என்னைக் கீழ்பென்னாத்தூருக்குக் கூட்டிப்போய், இனிமேல் அவர் வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்கப் போகிறாராம். இப்போது கூடத்தில்தான் படுத்திருக்கிறார். காலையில் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது. கூட்டிப்போகிறேன் என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன். எப்படிப் போவேன்? பயமாக இருக்கிறது அப்பா.

எங்கே கொண்டுபோய் விட்டாலும் தேருக்கு வந்துவிடுவேன். தூக்கிவந்த அந்தக் குழந்தை நான்தான் என்று நாலு பேர் கேட்கச் சொல்வேன். இது சத்தியம்.

உங்கள் ஒரே மகள்

கதவைத் தட்டுகிறார்கள். மாமா இல்லை, அம்மா. குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்: "தூங்கிட்டியா? காலைல அவங்க எத்தினி மணிக்கு வர்றாங்க? நானும் கூட வரேன்."