காற்று உள்ளே போக ஒரு துளை

இதை எழுதும் விரல்களில் இன்னும் பெட்ரோல் வாடை. சோப்புப் போட்டுக் கழுவியும் நகக்கண்ணை விட்டுப் போகவில்லை. முன்பெல்லாம் இந்த வாடை உன் கையில் இருக்கும். சோற்றுத் தட்டை நீட்டும்போது நான் மூக்கைச் சுளிப்பேன். "சோத்துல பெட்ரோல் ஊத்தல கிராணியாரே, தைரியமா சாப்புடுங்க" என்பாய், ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதிய என்னைப் பார்த்து. இன்று காலை அதே வாடையோடு ரொட்டியைப் பிய்த்துத் தின்றேன். தைரியமாகத்தான் தின்றேன்.

உன் பிக்கப் வண்டியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். திருவிழா முடிந்ததிலிருந்து அது சரியில்லாமல் போய்விட்டது. செனாவாங் வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒரு குறையும் இருக்காது. பெடாஸ் சாலையில் கோவிலுக்கு முந்தைய மேடு வந்ததும் தயங்கும். எண்ணெய் மிதியை அழுத்தினால் இழுவை இல்லை, இன்னும் அழுத்தினால் உடம்பெல்லாம் குலுங்கும், பிறகு நின்றுவிடும். பின்னால் லாரிக்காரன் ஹார்ன் அடிப்பான். ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிவிடும்.

முதலில் என் கால்மேல்தான் சந்தேகப்பட்டேன். நீ படுக்கையில் விழுந்த பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தவன் நான், நீ போய்ச் சேர்ந்த பிறகும் விடவில்லை. எங்கே கிளட்சைத் தப்பாக மிதிக்கிறேனோ, எங்கே கியரை நேரம் தவறி மாற்றுகிறேனோ என்று பார்த்துப் பார்த்து ஓட்டினேன். எப்படி ஓட்டினாலும் அதே மேட்டில் அதே தயக்கம்.

பட்டறைக்காரர் சேகர் பிளக்கை மாற்றினார், பில்டரை மாற்றினார், பெட்ரோல் பம்பையும் புதிதாகப் போட்டார். பட்டறைக்குள் நின்றபடி வண்டி அழகாக உறுமியது. தெருவைச் சுற்றி ஓட்டினோம், குறையே இல்லை. மறுநாள் மேட்டில் மறுபடியும் நின்றது.

"அங்கிள், இஞ்சின் வயசாயிருச்சு. மேட்டுல பலம் இல்ல. இதுக்கு மேல செலவு பண்ணாதீங்கலா, பழைய இரும்புக்குப் போட்டுருங்க" என்றார் சேகர்.

நம் மகன் அதைப் பிடித்துக்கொண்டான். நீலாயிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்தான்.

"அப்பா, நடு ரோட்டுல நின்னா பின்னால வர்ற லாரி பார்த்துக்கிட்டு நிக்குமா? ஞாயித்துக்கெழம காலைல ஆள் வருவான், இழுத்துட்டுப் போயிருவான். நீங்களும் எங்க வீட்டுக்கு வந்துருங்க. பின்னறை சும்மாதானே கெடக்கு."

"கோவில்?"

"கோவிலுக்கு நான் கூட்டிட்டுப் போறேன், லீவு கெடைக்கிறப்ப."

"திருவிழாவுக்கு அம்மன் எதுல ஊர்வலம் போறது?"

"லாரி வாடகைக்கு எடுப்பாங்கப்பா. சாமி கோவிச்சுக்காது."

நான் "சரி" என்றேன். என் "சரி" உனக்குத் தெரியும். தோட்டத்துத் துரையிடம் சொன்ன சரி, பெரிய கிராணியிடம் சொன்ன சரி, உன்னைக் கட்டிக்கொண்டபோது என் வீட்டார் முகம் திருப்பியதற்கு நான் வாசலில் நின்று சொன்ன சரி. யாழ்ப்பாணத்துக் கணக்குப்பிள்ளை குடும்பத்தில் பிறந்தவன், பால்வெட்டுக்காரர் மகளான உன்னோடு தோட்டத்து லயத்து வாசலில் நின்றபோது, என் வாயிலிருந்து வந்ததெல்லாம் அந்த ஒரு சொல்தான். மீதியை நீ பேசினாய்.

மகன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் பயம் நியாயமானது. ஆனால் வண்டி போனால் அதோடு நானும் போகிறேன் என்பது அவன் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகுதான் உறைத்தது. கோவில், பெடாஸ் சந்தை, நினைத்த நேரத்தில் கிளம்பும் உரிமை எல்லாம் அந்த இரும்போடு போய்விடும். அதன்பின் நான் ஒரு பின்னறையில் லீவுக்குக் காத்திருப்பவன்.

அன்று மாலை வண்டிக்குள் போய் உட்கார்ந்தேன். உன் உயரத்துக்கு முன்னால் இழுத்து வைத்த இருக்கையை நான் மாற்றியதே இல்லை. என் முழங்கால் டாஷ்போர்டில் இடிக்கும். சேகர் பின்னால் தள்ளி வைத்திருந்தார். நான் மறுபடி முன்னால் இழுத்துக்கொண்டேன். உட்கார்ந்ததும் தோட்டத்துக் கேட் நினைவு வந்தது.

தோட்டம் கைமாறி, வீடுகள் கட்டப் போகிறோம் என்று சொல்லி, நம் எல்லாரையும் காலி செய்யச் சொன்ன நேரம். சிறிய மாரியம்மன் சிலையைச் சிவப்புச் சேலையில் சுற்றி, பிக்கப்பின் பின்னால் வைக்கோல்மேல் படுக்க வைத்திருந்தோம். நீ ஸ்டியரிங்கில், நான் பக்கத்தில். வழியில் சங்கிலி. காவலாளி நாளைக்கு வாருங்கள், அனுமதிக் கடிதத்தோடு வாருங்கள் என்று மலாயில் சொன்னான். நான் உன் காதில், "திரும்பிப் போவோம், முறைப்படி மனு எழுதிக் கேட்போம்" என்றேன்.

அப்போது நீ மூச்சை உள்ளே இழுத்தாய். சண்டைக்கு முன்னால் நீ இழுக்கும் அந்த மூச்சு. பல்லிடுக்கில் காற்று போகும் சத்தம் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும்.

"கிராணியாரே, நீங்க மனு எழுதுங்க. நான் ஹார்ன் அடிக்கிறேன்."

அடித்தாய். கையை எடுக்கவே இல்லை. லயத்திலிருந்து மிச்சமிருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக வந்து வண்டிக்குப் பின்னால் நின்றன. "ஹரி இனி ஜுகா!" என்று கத்தினாய், இன்றைக்கே திறக்க வேண்டும். அவன் சங்கிலியை அவிழ்த்தான். அம்மன் பெடாஸ் பக்கம் புது இடத்துக்கு வந்தது அந்த வண்டியில்தான். அன்றிலிருந்து திருவிழாவுக்கு அதுதான் ரதம், நீதான் சாரதி. பெண்பிள்ளை ரதம் ஓட்டலாமா என்று கேட்டவர்களிடம், "சாமியே பொம்பளதானேலா" என்று சொல்லிவிட்டுக் கியரைப் போட்டாய்.

வண்டியை விட்டு இறங்கும்போது ஒரு முடிவோடு இறங்கினேன். உன்னைப்போல் ஹார்ன் அடிக்க எனக்கு வராது. எனக்கு வந்தது வரிசையாக யோசிப்பது. நீ கிண்டல் செய்வாயே, "சாம்பார்ல உப்பு இருக்கான்னு பார்க்கவும் இவருக்கு மூணு சோதனை வேணும்" என்று. சரி, சோதித்தே பார்ப்போம் என்று நினைத்தேன்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினேன். முதலில் சூடு. பம்பில் ஈரத்துணி சுற்றி மேடேறினேன்; நின்றது. ஆகவே சூடு காரணமில்லை. அடுத்த முறை நின்றதும் உடனே இஞ்சின் மூடியைத் தூக்கி, சேகர் போட்ட புது பில்டரைப் பார்த்தேன். உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் பில்டர். அதில் பெட்ரோல் கிட்டத்தட்ட இல்லை. தொட்டியில் முக்கால் பங்கு இருக்கிறது, பம்ப் புதியது, ஆனால் பெட்ரோல் வந்து சேரவில்லை. இஞ்சினுக்கு வயதாகவில்லை, அது பட்டினி கிடக்கிறது. இதை எனக்கு நானே உரக்கச் சொல்லிப் பார்த்தேன். கேட்க யாருமில்லாததால் சொல்ல முடிந்தது.

அதற்கு மேல் யோசனை ஓடவில்லை. வீட்டுக்கு வந்து டீ போட்டேன். புதுப் பால் டின்னில் கத்தி முனையால் ஒரு துளை போட்டுக் கவிழ்த்தேன். கொஞ்சம் வடிந்தது, சொட்டியது, நின்றுவிட்டது. டின்னைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். எத்தனை முறை என் கையிலிருந்து பிடுங்கி எதிர்ப்பக்கம் இன்னொரு துளை போட்டிருக்கிறாய்! "பால் வெளிய வரணும்னா காத்து உள்ள போகணும். இவ்வளவு படிச்சிருக்கீங்க!"

டீயைக் குடிக்காமல் மேட்டுக்குப் போனேன். வழக்கமான இடத்தில் வண்டி தயங்கி நின்றது. இறங்கிப்போய்ப் பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திருகினேன்.

உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. உன் மூச்சு அது. பல்லிடுக்கில் இழுப்பாயே, அதே சத்தம். அந்தச் சாலையோரத்தில் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

உடனே சாவியைத் திருகினேன், கிளம்பியது. மூடியைத் தளர்வாக வைத்து மேட்டை ஏறி இறங்கினேன், தயக்கமே இல்லை. ஆனாலும் என்னை நான் நம்பவில்லை. மூடியை இறுக்கி மறுபடி போனேன், நின்றது. தளர்த்திப் போனேன், ஏறியது. பெட்ரோல் போடும்போதெல்லாம் சற்று தூரம் ஒழுங்காக ஓடியதன் காரணமும் அப்போதுதான் புரிந்தது. பெட்ரோல் போட மூடியைத் திறக்கிறோம் அல்லவா!

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். நடுவில் இருக்க வேண்டிய சின்னத் துளையின்மேல் காய்ந்த சந்தனப் பொட்டு. பொட்டைச் சுரண்டினால் கீழே கல்லாக இறுகிய பசை. நேராகக் கோவிலுக்குப் போய்ச் செயலாளர் மணியத்திடம் நீட்டினேன்.

"ஆமாண்ணே, நான்தான் அடைச்சேன். திருவிழாவுல கற்பூரம் காட்டுறோம், பக்கத்துல பெட்ரோல் வாடை வருது. பயமா இருக்காதா? சாமி மூக்குலயும் அடிக்குதுலா. பசை அசிங்கமா இருந்துச்சு, மேல ஒரு பொட்டு வெச்சேன்."

"பொட்டு வெச்சு வண்டியக் கொல்லப் பார்த்தியே மணியம்!"

அவன் திகைத்துப் போனான். நான் இப்படிப் பேசி அவன் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. அடுத்த வருடம் கற்பூரத் தட்டை வண்டிக்கு முன்னால், தொட்டியிலிருந்து எட்டத்தில் வைத்துக் காட்டுவது என்று அங்கேயே பேசி முடித்தோம்.

நேற்று மாலை வாசலில் உட்கார்ந்து, உன் தையல் பெட்டியிலிருந்த தடித்த ஊசியால் அந்தப் பசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து எடுத்தேன். வாடை விரலில் ஏறியது அப்போதுதான்.

இன்று ஞாயிறு. இழுவை லாரியோடு ஆள் வந்தான், மகனும் வந்தான். கொக்கியை மாட்டக் குனிந்தவனுக்கும் வண்டிக்கும் நடுவில் போய் நின்றேன். வாய் தானாகச் "சரி" என்று சொல்லத் தயாராக இருந்தது. நான் பல்லைக் கடித்துக் காற்றை உள்ளே இழுத்தேன்.

"குடுக்கல. நீங்க போகலாம்."

"அப்பா, பேசி முடிச்சாச்சுப்பா!"

"நீ பேசி முடிச்ச. நான் இப்பத்தான் ஆரம்பிக்கிறேன். ஏறி உக்காரு."

"எங்கப்பா?"

"மேட்டுக்கு."

என்ன நினைத்தானோ, ஏறிவிட்டான். பெடாஸ் சாலையில் அந்த இடம் நெருங்கியபோது கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டான். நான் மிதியை அழுத்தினேன். பிக்கப் ஏறியது. முழங்கால் டாஷ்போர்டில் இடித்துக்கொண்டே இருந்தது.

"சீட்டைக் கொஞ்சம் பின்னால தள்ளிக்கலாம்லப்பா?"

"முடியாது" என்றேன். அந்தச் சொல் இவ்வளவு சுலபமாக வரும் என்று நீ எனக்குச் சொல்லவே இல்லையே.

மேட்டின் உச்சியில், தேவையே இல்லாமல், ஒருமுறை ஹார்ன் அடித்தேன்.