செவலைக்குப் போடாத ஊசி

அன்புள்ள மகள் ஷைனிக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம், நம் செவலைப் பசுவும் சுகம். இந்தக் கடைசி வார்த்தையை எழுத முடியாமல்தான் கடிதம் தள்ளிப்போனது. நீயோ டவர் கிடைக்காத காட்டில் இருக்கிறாய், சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்க முடியவில்லை.

போன வியாழக்கிழமை செவலை கம்பெனி ரோட்டோரக் கால்வாயில் வழுக்கி விழுந்து, முன்னங்கால் வீங்கி ஜுரத்தோடு படுத்துவிட்டது. மாட்டு டாக்டர் ஊரில் இல்லை. ஊரில் மாடுகளுக்கு ஊசி போடும் அன்புவை அப்பா போய்க் கூட்டிவந்தார். அவர் எடுத்தது மனுஷருக்குப் போடும் வலி மருந்து. பெயர் கேட்டேன், டைக்ளோபினாக் என்றார். அந்த ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்றால் பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் சாகும், மாட்டுக்கு அதைப் போடக்கூடாது என்று அரசாங்கமே தடுத்திருக்கிறது என்று கிறிஸ்துமஸுக்கு வந்தபோது சோறு ஆறிப்போகும்வரை சொன்னாயே, எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. வேண்டாம், பாறுக்குக் கெடுதல் செய்யாத மெலாக்சிகாம் இருந்தால் போடுங்கள் என்றேன். அது கைவசம் இல்லை என்று அன்பு போய்விட்டார்.

அப்பா பேசிய பேச்சு இருக்கிறதே. தன் சின்ன வயதில் ஏரிக்கரையில் செத்த மாட்டைப் பாறுகள் ஒரு பொழுதுக்குள் எலும்பாக்கிவிடும், இப்போது நாயும் நாற்றமும்தான் என்று சொன்னவரே அவர்தான். அன்றைக்கு, "இந்த ஊர்ல பாறு எங்க கீது? யாருக்கோசரம் மாட்ட சாவடிக்கிற?" என்றார். பாறுக்கு வருஷத்துக்கு ஒரே முட்டைதான் என்று நீ சொன்னதுதான் மனதில் ஓடியது. எனக்கும் நீ ஒருத்திதானே. ஆனாலும் மறைக்காமல் சொல்கிறேன், செவலை செத்துப்போயிருந்தால் உன்மேல்தான் கோபப்பட்டிருப்பேன். மறுநாள் ஷிப்டை விட்டுவிட்டுப் பொன்னேரிவரை அலைந்து அந்த மெலாக்சிகாமை வாங்கிவந்தவரும் அப்பாதான். டாக்டரிடம் போனில் அளவு கேட்டு அன்புவே போட்டார். ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சுக்குப் புடவை கட்டிக்கொண்டிருக்கிறேன், கழுநீர்ப் பக்கெட் உருளும் சத்தம். போய்ப் பார்த்தால் செவலை எழுந்து நிற்கிறது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அப்பா பக்கெட்டை நிமிர்த்தி வைத்தார்.

இன்னொன்று. இத்தனை நாள் உனக்கு பாரஸ்ட் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். பிணம் தின்னும் பறவையைக் கணக்கெடுக்கிற பெண்ணை எவன் கட்டுவான் என்ற பயம். நேற்றுப் பக்கத்து வீட்டு கெங்கம்மாள் ஏன் ஊசி வேண்டாம் என்றாய் என்று கேட்டதும், "எம் பொண்ணு காட்டுல பாறுங்கள காப்பாத்திக்கினு கீது, அதுதான் சொல்லிச்சு" என்று வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு மனசு லேசாகிவிட்டது ஷைனி.

குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொள், பாறைமேல் தனியாக ஏறாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன் அம்மா,
ஞானம்மா

மறக்காதே: நீ இருக்கும் காட்டில் பாறு நாலு வகை என்று கெங்கம்மாளிடம் ஆரம்பித்துவிட்டேன். வெண்முதுகுப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு, அதோடு நின்றுவிட்டேன். இன்னொன்றின் பெயரை உடனே எழுதி அனுப்பு, தினமும் வந்து கேட்கிறாள்.