ஆறாவதுக்குப் பிள்ளை பிடித்த சிஸ்டருக்கு

இல்லைங்க சிஸ்டர், யாரும் போன் செய்யவில்லை. ஒவ்வொரு வீடியோ போட்டதும் ஆபீஸ் வாசலில் வந்து நின்று கேட்பீர்களே, "யாராவது போன் பண்ணாங்களாடா?" என்று. நீங்கள் போன பிறகும் அதற்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்று பள்ளி திறக்கிறார்கள். படம் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். காலையில் காலர் மைக்கைச் சார்ஜ் போட எடுத்தேன். அதன் பஞ்சு உறையில் இன்னும் உங்கள் தைல வாடை. வெயிலில் அலைந்துவிட்டு வந்து நெற்றியில் தேய்த்துக்கொண்டு, அதே விரலால் மைக்கைப் பிடித்துப் பேசுவீர்கள். கிளிப்பில் மாட்டுங்கள் என்றால், முக்காட்டில் எதையும் மாட்ட மாட்டேன் என்பீர்கள். மைக்கைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டேன். சார்ஜ் போட்டு என்ன ஆகப் போகிறது.

பதினொன்றாம் வகுப்பில் பாதியில் ஓடியவன் நான். உங்கள் பள்ளியிலிருந்துதான் ஓடினேன். பிறகு திண்டிவனத்தில் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்து காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் நீங்கள் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தீர்கள். திட்டத்தான் வந்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன்.

"நம்ப ஸ்கூலுக்கு வீடியோ பண்ணித் தர்றியா? இன்ஸ்டாகிராமு, யூடியூபு எல்லாம் வேணும்."

"என்னையே உங்களால வச்சிக்க முடியல. ஊரான் புள்ளைய நான் எங்க சிஸ்டர் புடிச்சிக்கினு வர்றது?"

"அதான்டா உன்னக் கேக்கறேன். எதுக்கு வுட்டுட்டுப் போறாங்கன்னு உனக்குத்தான தெரியும்."

லைட் ஸ்டாண்டுகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னீர்கள். ஆறாவதில் சேரும் பிள்ளைகள் வருஷா வருஷம் குறைகிறார்கள். போன வருஷம் வந்தவர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். இந்த வருஷமும் அப்படியே என்றால் ஆறாவது கிடையாது. ஆறாவது போனால் அடுத்த வருஷம் ஏழாவது இருக்காது. அப்படியே கீழேயிருந்து ஒவ்வொரு வகுப்பாகப் பூட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

மே மாதம் வந்தால் டீச்சர்கள் ஊர் ஊராகப் பிள்ளை பிடிக்கப் போவது நம் பள்ளியில் எப்போதும் உண்டு. கையில் குடை, தண்ணீர் பாட்டில், ஒரு கட்டு நோட்டீஸ். இப்போதெல்லாம் அவர்கள் போய்ச் சேர்வதற்குள் இங்கிலீஷ் மீடியம் வேன் போய்விடுகிறது. "நம்ம போறதுக்கு முன்னாடி நம்ம வீடியோ போயிடும் இல்ல?" என்று கேட்டீர்கள். போகும் என்றேன். போகத்தான் செய்தது.

முதல் நாளே ஒரு கண்டிஷன் போட்டீர்கள். உங்கள் முகம் எதிலும் வரக்கூடாது. பிள்ளைகள் முகத்தைப் போடு, என் முகத்தைப் பார்த்து எவன் சேர்ப்பான் என்றீர்கள். இரண்டாவது கண்டிஷன் அமலி விஷயத்தில் வந்தது. எட்டாவது படிக்கிற அமலி, கோ கோ நன்றாக ஆடுவாள். நான் அவள் வீட்டைக் காட்டலாம் என்றேன். ஓலைக் கூரை, மல்லாட்டைக் கொல்லையில் கடலை ஆய்ந்து வெடித்துப்போன அவள் அம்மாவின் கை, பின்னால் ஒரு சோக மியூசிக்.

"அவங்கம்மா கையக் காட்டி நான் ஸ்கூல் நடத்தணுமா? அவ ஓடறதக் காட்டு."

"ஓடறதப் பாத்து எவன் சிஸ்டர் ஷேர் பண்ணுவான்?"

"பண்ணலன்னா போறான்."

கடுப்போடுதான் எடுத்தேன். வேப்பமரத்துப் பக்கம் வரிசையில் குந்தியிருக்கிறாள். முதுகில் அடி விழுந்ததும் எழுந்து பாய்கிறாள். அவ்வளவுதான் வீடியோ. நடுவில் உங்கள் குரல் மட்டும், "அமலி, ஷூ லேசக் கட்டு." நான் எடுத்ததிலேயே அதைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள். துபாய், பெங்களூரு, சென்னை என்று எங்கெங்கோ இருக்கிற பழைய பிள்ளைகள் எல்லாம் கமெண்டில் கையெடுத்துக் கும்பிட்டார்கள். என் பள்ளி, என் கோயில் என்று எழுதினார்கள். ஆமென் போட்டார்கள். எதற்கெடுத்தாலும் ஆமென். கழிப்பறைக்குப் புதுக் கதவு போட்டதற்கு ஆமென். சேர்க்கை நடக்கிறது, இந்த நம்பருக்குப் பேசுங்கள் என்று போட்டால் அதற்கும் கீழே வரிசையாக ஆமென்.

நீங்கள் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு ஒன்று விடாமல் படித்தீர்கள்.

"இவ்ளோ பேர் ஆமென் சொல்றாங்களே, இவங்க புள்ளைங்கள்லாம் எங்கடா படிக்குது?"

"சிபிஎஸ்இ-ல சிஸ்டர்."

கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற அளவுக்குச் சிரித்தீர்கள். சிரித்து முடித்ததும் அதே கேள்வி. யாராவது போன் பண்ணாங்களா.

பண்ணவில்லை. அதனால்தான் பெருமுக்கல் பக்கம் அந்தக் காலனிக்கு நடந்தோம். எந்த வீட்டு வாசலில் நின்றாலும் முதலில் தண்ணீர் கேட்பீர்கள். தாகம் இருக்கிறதோ இல்லையோ, வாங்கிக் குடித்து, சொம்பை அவர்கள் கையிலேயே கொடுத்த பிறகுதான் பேச்சு. ஏன் என்று நான் கேட்டதில்லை. நானும் காலனியில் பிறந்தவன், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

மூன்றாவது வீட்டுப் பெண் உங்களிடம் எட்டாவது வரை படித்தவள். மகள் அப்போதுதான் ஐந்தாவது முடித்திருந்தது. நாம் வாய் திறப்பதற்குள் போனை நீட்டினாள். அமலி ஓடிக்கொண்டிருந்தாள்.

"எத்தினி வாட்டி பாத்தேன் தெரியுமாங்க சிஸ்டர். அந்த மரத்தாண்டதான் நாங்களும் வெளையாடினோம். அழுவையே வந்துடுச்சி."

"அப்ப பாப்பாவ சேத்துடலாமில்ல?"

அவள் முகம் மாறிவிட்டது. "வேன் வருதுங்க சிஸ்டர். தெரு மொனையாண்ட வந்து ஏத்திக்கினு போவுது."

"இங்கிலீஷ்தான்னா நம்பகிட்டயும் சொல்லித் தர்றோம்மா."

"அதுக்கில்லீங்க. நான் அங்க படிச்சேன், எங்கண்ணன் அங்க படிச்சாரு. நல்லாத்தான் பாத்துக்கினீங்க, ஒரு கொற சொல்ல மாட்டேன். அதுக்கோசரம் என் பொண்ணும் அங்கதான் வரணுமா? காலனின்னா அந்த ஸ்கூலுன்னு ஆயிடுச்சி. இதுவாவது வேற எங்கனா போவட்டும் சிஸ்டர்."

அவள் போன் உங்கள் கையில் இருந்தது. வீடியோ முடிந்து முடிந்து மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அந்தப் பிள்ளையைக் கிட்டே இழுத்து நெற்றியில் சிலுவை போட்டு, "நல்லாப் படிக்கணும்" என்று மட்டும் சொன்னீர்கள். தெரு திரும்பியதும் என்னைக் கேட்டீர்கள்.

"அவ சொல்றது சரிதானடா?"

"சரிதான் சிஸ்டர்."

வேறு என்ன சொல்ல. நாம் யாருக்கு வீடியோ எடுத்தோம் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. தாண்டிப் போய்விட்டவர்களுக்கு எடுத்திருக்கிறோம். திரும்பி வர வேண்டிய அவசியம் இல்லாதவர்கள்தான் அதைப் பார்த்து நிம்மதியாக அழ முடியும். ஓடிப் போன நான் எடுத்தால் வேறு எப்படி இருக்கும்.

அப்போதும் நீங்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை. அடுத்த தெரு, அடுத்த தெரு என்று நடந்தீர்கள். மறுநாள் காலைப் பூசையில் முழங்காலிட்டவர் எழவில்லை. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் மாஸ்க்கை விலக்கிவிட்டு யாராவது போன் பண்ணாங்களா என்றீர்கள். இல்லைங்க என்றேன்.

"சரி வுடு. திங்கக்கெழம அந்தக் கடைசித் தெருவுக்குப் போவோம். நீ கேமரா எடுக்காத. சும்மா வா."

திங்கட்கிழமை உங்களை அடக்கம் செய்தோம்.

அன்றைக்குப் போன் அடித்தது சிஸ்டர். விடிந்ததிலிருந்து வைக்க முடியவில்லை. நாம் ஒவ்வொரு வீடியோவிலும் போட்ட அதே நம்பர். அடக்கம் எத்தனை மணிக்கு, மயிலம் ரோட்டிலிருந்து பஸ் உண்டா, லைவ் போடுவீர்களா. போட்டேன். அமலியைவிட அதிகம் பேர் பார்த்தார்கள். ஆமென் மேலே ஆமென் ஏறிக்கொண்டே போனது. பெருமுக்கல் பெண் கூட்டத்தில் முட்டி மோதிக்கொண்டு வந்து உங்கள் காலைத் தொட்டு அழுதாள். அவள் அளவுக்கு அங்கே யாரும் அழவில்லை. வேனில் போகப்போகிற பிள்ளையும் கூடத்தான் வந்திருந்தது.

பேனருக்குப் படம் கேட்டார்கள். ஹார்ட் டிஸ்க் முழுக்கத் தேடினேன். உங்கள் கை இருக்கிறது, குடை இருக்கிறது, குரல் நிறைய இருக்கிறது. முகம் இல்லை. ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி ஒட்டினோம். திருட்டுக் கேஸில் பிடித்தவர் மாதிரி இருந்தீர்கள்.

புதிதாக வந்திருக்கும் சிஸ்டர் நல்லவர்தான். "அவங்க லைஃப் ஸ்டோரிய ஒரு வீடியோ பண்ணுப்பா. இப்பப் போட்டாத்தான் ரீச்சு, அட்மிஷன் டைமு" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, பழைய நான் என்றால் நானே போய்ச் சொல்லியிருப்பேன். உட்கார்ந்து வெட்டினேன். "ஷூ லேசக் கட்டு" என்ற உங்கள் குரலுக்குக் கீழே சோக மியூசிக்கை ஏற்றினேன். ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். அழித்துவிட்டேன்.

நேற்று முடிவாகிவிட்டது. ஆறாவது கிடையாது. சேர்ந்திருந்த கொஞ்சம் பேரும் நேற்றே டிசி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு பிள்ளை மட்டும் பாக்கி. திருவெண்ணெய்நல்லூர் பக்கம் கரும்பு வெட்டப் போயிருந்த குடும்பம், அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. இன்று காலை புது யூனிபார்மோடு அம்மாவும் மகளும் கேட்டில் வந்து நின்றுவிட்டார்கள். நீங்களும் நானும் பேசிச் சேர்த்த பிள்ளைதான். புது சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "ஒன்னத்தான் அவங்களுக்குத் தெரியும். கவர்மெண்ட் ஸ்கூல்ல கொண்டுபோய் வுட்டுட்டு வந்துடறியாப்பா?" என்றார். உள்ளே டிசி எழுதுகிறார்கள். அது முடியும்வரை வராந்தாவில் உட்கார்ந்து போனில் இதை அடித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்களிடமிருந்து எனக்கு ஒரு வியாதி ஒட்டிக்கொண்டது. தெருவில் எந்தப் பிள்ளை போனாலும் என் கண் அதன் உயரத்தை அளக்கிறது. ஐந்தாவதா, ஆறாவதா. கல்யாண வீட்டில் கேமராவைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதும் அதே வேலை. சேர்க்க இடமில்லாத பிறகும் நிற்க மாட்டேன் என்கிறது. இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது.

இந்தப் பிள்ளை என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. இப்போது கேட்டது, "அண்ணா, வீடியோல வர்ற ஸ்கூல் இதான?"

"இதான்."

"அப்ப ஏன் வேற ஸ்கூலுக்குப் போறோம்?"

அவள் அம்மா வெளியே வந்துவிட்டாள். வேலைக்கு நேரமாகிறதாம், ஜல்தியா வா தம்பி என்கிறாள். வண்டியை எடுக்க வேண்டும். போகிறேன் சிஸ்டர்.