முன் சீட்டு

மார்ச் 3, செவ்வாய்

தினமும் நாலு வரி எழுதுங்கள் என்று முதியோர் எழுத்தறிவு வகுப்பு டீச்சர் சொல்லியிருக்கிறார். எழுபத்தொரு வயதில் என் கையெழுத்தை நானே வாசிக்கிறேன். சிரிப்பு வருகிறது. மூன்று வரிதான் ஆயிற்று. இதோ நாலு.

மார்ச் 5, வியாழன்

மகன் பெரிய கார் வாங்கப் போகிறான். இரண்டில் ஒன்று. கறுப்பில் பின் சீட்டு மெத்தை மாதிரி, காலை நீட்டிக்கொள்ளலாம். வெள்ளையில், மோதினால் விரிகிற காற்றுப்பை எட்டு. குறுக்கே ஏதாவது வந்தால் தானே பிரேக் போடுமாம்.

முப்பத்தெட்டு வருஷம் டிரைவர் வேலை பார்த்தவன் வீட்டிலேயே இருக்கிறேன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சம்பந்தியைக் கேட்கிறான்! மருமகளின் அப்பா தபால் ஆபீசில் இருந்தவர், சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விளம்பரத் தாளைக் கடகடவென்று வாசித்தார். மருமகள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளைதான் மாப்பிள்ளை. உசிருதான் முக்கியம்."

நான் கறுப்பு என்றேன். ஏன் சொன்னேன்? அவர் வெள்ளை என்றதால்தான்.

மார்ச் 8, ஞாயிறு

வயிறு எரிகிறது. சாப்பாட்டினால் அல்ல.

மார்ச் 14, சனி

வெள்ளை வந்துவிட்டது. முன் சீட்டில் அவர். பின்னால் நான், மூட்டை மாதிரி.

முன்னால் போன வேன் சட்டென்று நின்றது. மகன் பிரேக்கில் கால் வைப்பதற்குள் கார் தானே நின்றுவிட்டது. பின் சீட்டில் என் வலது கால் தரையை மிதித்துக்கொண்டிருந்தது, சும்மா.

"பாத்தீங்களா சம்பந்தி? இனிமே டிரைவரே வேண்டாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஒரு காரைப் பார்த்துப் பொறாமைப்படுகிற ஆள் உலகத்தில் நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

மார்ச் 17, செவ்வாய்

பெல்ட் அவர் தொப்பையை அழுத்துகிறதாம், இஸ்திரி போட்ட சட்டையைக் கசக்குகிறதாம். கழற்றினால் கார் டிங் டிங் என்று கத்துகிறது. இங்கேதான் என் டிரைவர் படிப்பு உதவிக்கு வந்தது.

"முதுகுக்குப் பின்னால விட்டு மாட்டிடுங்க சம்பந்தி. சத்தம் வராது. நாங்கல்லாம் அப்படித்தான் ஓட்டினோம்."

"அடடே! அனுபவம்னா சும்மாவா?"

மருமகளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இன்று என் கால் தரையில் படவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

காரோடு வந்த தமிழ்ப் புத்தகத்தை யாரும் பிரிக்கவேயில்லை. நான் எடுத்துக்கொண்டேன். ஒரு பக்கத்துக்கு அரை நாள் ஆகிறது. என்ன சுகம்!

மார்ச் 26, வியாழன்

பதினேழாம் பக்கம். விரல் வைத்து மூன்று தடவை வாசித்தேன்.

காற்றுப்பை பெல்ட்டுக்குத் துணை மட்டும்தானாம். பெல்ட் பிடிக்காவிட்டால் ஆள் முன்னால் பாய்வான். கண் சிமிட்டுவதற்குள் வெடித்து விரிகிற பை அவன் முகத்தில் அறையும். கழுத்தே முறியலாம். பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மாட்டாதீர்கள் என்று படம் போட்டு, மேலே சிவப்புக் கோடு கிழித்திருக்கிறார்கள். படத்தில் இருப்பவனுக்கும் தொப்பை.

ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன். நான் ஓட்டின வண்டியில பை ஏது?

சொல்லணும். சொன்னா, டிரைவருக்கு இதுகூடத் தெரியாதான்னு மருமகள் எதிர்ல சம்பந்தி கேப்பாரே?

மார்ச் 27, வெள்ளி

சொல்லவில்லை.

மார்ச் 28, சனி

காலையில் மகனும் அவரும் வெளியூர் கிளம்பினார்கள். கார் நகர்ந்தது. புத்தகத்தோடு குறுக்கே போய் நின்றேன். கார் தானே நின்றது!

கண்ணாடியை இறக்கச் சொல்லி, பதினேழாம் பக்கத்தை வாசித்தேன். எழுத்து எழுத்தாக.

"நேரமாச்சுப்பா" என்றான் மகன்.

"சும்மா இரு."

முடித்ததும் சம்பந்தி கேட்டார்: "நீங்கதானே மாட்டச் சொன்னீங்க?"

"நான்தான். தப்பாச் சொன்னேன்."

வாசலில் மருமகள். வெட்கமாக இருந்தது. அவர் முனகிக்கொண்டே பெல்ட்டை முன்னால் இழுத்து மாட்டினார். "போங்க, சட்டை போச்சு."

மார்ச் 30, திங்கள்

நேற்று திரும்பும்போது பக்கத்துச் சந்திலிருந்து லாரி பாய்ந்திருக்கிறது. கார் பிரேக் போட்டிருக்கிறது, ஆனாலும் போதவில்லை. முன்பக்கம் அப்பளம். பைகள் வெடித்தன. மகனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. சம்பந்திக்குத் தோளிலிருந்து இடுப்பு வரை பெல்ட் தடம், கன்றிப்போய்; மூக்குக் கண்ணாடி தூள். வேறொன்றும் இல்லை. வேறொன்றும் இல்லை.

ராத்திரி அழுதேன். எழுதி வைக்கிறேன், யார் வாசிக்கப் போகிறார்கள்.

ஏப்ரல் 2, வியாழன்

பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சட்டையைத் தூக்கித் தடத்தைக் காட்டுகிறார். பழம் வந்து குவிகிறது. எனக்கு அந்தத் தடத்தின் மேலும் கொஞ்சம் பொறாமை.

ஏப்ரல் 7, செவ்வாய்

வெள்ளைக் கார் இனி தேறாது. மகன் மறுபடி இரண்டு காருடைய விளம்பரத் தாள்களைக் கொண்டுவந்து மேஜையில் போட்டான். புது மூக்குக் கண்ணாடி இன்னும் வரவில்லை. சம்பந்தி தாளைத் தூர வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் தள்ளினார்.

"நீங்க வாசிங்க சம்பந்தி."

"நேரமாகுமே."

"ஆகட்டும். எனக்கென்ன அவசரம்?"

விரலை வைத்தேன். மருமகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டுமென்றே கொஞ்சம் மெதுவாகத்தான் வாசித்தேன்.