சுகம் என்று சொல்லிவிட்டேன்

அன்பும் மதிப்பும் உள்ள பீனா டாக்டருக்கு, குட்டநாட்டிலிருந்து வாத்துக்காரன் சதானந்தன் எழுதுவது.

இது நானே என் கையால் எழுதுவது, நம்புங்கள். எழுபத்தொரு வயதில் வாசகசாலை வகுப்பில் சேர்ந்து எழுத்துப் படித்தேன். என் எழுத்து வரியில் நிற்காமல் வாத்துக் கூட்டம் மாதிரி அலைகிறது என்று ராஜம்மா டீச்சர் சிரிக்கிறார். அலையட்டும், போய்ச் சேர்ந்தால் சரி என்றேன். உங்கள் பெயரை எழுதி முடித்தபோது என் வீட்டுக்காரி கௌரிக்குட்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு வரி எழுதுவேன், எழுந்து ஒரு டீ குடிப்பேன். கடிதம் முடிய நாளாகும்.

நீங்கள் வயநாட்டுக்கு மாற்றலாகிப் போனபின் நம் சுகாதார நிலையத்துக்கு நவாஸ் டாக்டர் வந்தார். மரியாதை தெரிந்த பிள்ளை. முதல் நாளே, "சுகந்தானே சேட்டா?" என்று கேட்டார். "சுகம்" என்றேன். நம் ஊரில் வேறு என்ன சொல்வது? பாடை தூக்கிப் போகிறவனைக் கேட்டாலும் சுகம் என்றுதான் சொல்வான். அடுத்தடுத்த மாதங்களிலும் கேட்டார், நானும் சொன்னேன். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிட்டார். இத்தனை வருடமாக மனதைப் பிடித்திருந்த நோய் தொலைந்தது என்று எனக்கும் பெருமைதான்.

நீங்கள் அப்படிக் கேட்டதே இல்லை. "இன்னிக்கு வாத்த யாரு திறந்துவிட்டது?" என்பீர்கள். நான் என்றால் தலையாட்டுவீர்கள். கௌரிக்குட்டி என்றால் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வீர்கள். அந்தக் கேள்விக்கு எனக்குப் பொய் வராது.

மழை தொடங்கியபோது நான் படுத்துவிட்டேன். வாத்துகள் காலையில் கத்துவது காதில் விழும், எழ முடியாது. கௌரிக்குட்டிதான் தன் வலிக்கிற முழங்காலைப் பிடித்துக்கொண்டு போய்த் திறந்துவிடுவாள். ஒரு நாள் அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரம் வியாபாரி வந்தான். எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டு போ என்று சொல்லிவிட்டேன். திரும்பி வந்தவள் காலிப் பட்டியின் படலைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதன்பிறகு வாய்க்காலுக்குக் குளிக்கப் போனாலும் கூடவே வந்தாள். நான் முங்கி எழுந்து கரையேறும்வரை படியிலேயே நின்றாள்.

பிறகு ஒரு நாள் என்னை இழுத்துக்கொண்டு நவாஸ் டாக்டரிடம் போனாள். "இந்த மனுஷன் தண்ணில முங்கிக்கிட்டிருக்கும்போது கேட்டாலும் சுகம்னுதான் சொல்லும். நீங்களும் சுகம்னு எழுதிக்குவீங்க" என்றாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "தப்பு என்னோடது சேச்சி. கேட்டேன், முகத்தப் பாக்கல" என்றார்.

மாத்திரை மறுபடி தொடங்கியது. பிடிக்க வாரக்கணக்கில் ஆகும், அதுவரை வாராவாரம் வர வேண்டும் என்று சொன்னார். "இனிமே நான் என்ன கேக்கட்டும்?" என்று என்னிடமே கேட்டார். வாத்துதான் இல்லையே, என்ன சொல்வேன்? வீட்டில் சத்தமில்லை என்று கௌரிக்குட்டிதான் என்னை வகுப்பில் கொண்டுபோய் விட்டாள். இப்போது அவர், இந்த வாரம் என்ன எழுதினீங்க என்று கேட்கிறார். ஒன்றும் எழுதாத வாரங்களும் உண்டு. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

குஞ்சு வாங்கலாம் என்கிறாள். வாங்கலாம். ஆனால் போன கூட்டத்துக்கு என் சீழ்க்கை தெரியும். எந்த வயலில் யார் சீழ்க்கைக்கு நிற்கின்றனவோ, அதை நினைத்தால் பேனா ஓடவில்லை.

உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அரசாங்கம் மாற்றினால் போகத்தானே வேண்டும். போகிற அன்று உங்களிடம் ஒரு வார்த்தை சொல்ல நினைத்து, சொல்லாமல் வந்துவிட்டேன். அதை எழுதும் அளவுக்கு எழுத்து இன்னும் வரவில்லை.

ஆலப்புழைப் படகில் எப்போதாவது இந்தப் பக்கம் வந்தால் எங்கள் கடவில் இறங்குங்கள். கரிமீன் பொரித்து வைப்பதாக கௌரிக்குட்டி சொல்கிறாள். எந்த வருடம் என்றாலும் பரவாயில்லை, வருவேன் என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். நான் இருப்பேன்.

உங்களுக்கு நல்லது வர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
சதானந்தன்