ஆளுக்குப் பாதி கட்டிங் சாய்

என்னங்க,

உங்கள் அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசம் நல்லபடியாக நடந்திருக்கும். அவர்கள் கொடுத்த கிட்னியோடு நீங்கள் தனியாகவே ரயிலேறி வேலூர் போயிருப்பதை இங்கே நம் ஊர் கட்கியில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறேன்.

டயாலிசிஸ் காலத்தில் வாரம் இரண்டு நாள் பஸ்ஸில் போவோம். உங்களுக்குத் தண்ணீர்கூட அளந்துதான் என்பதால், ஆஸ்பத்திரி வாசலில் அரை கிளாஸ் டீயான கட்டிங் சாய் ஒன்று வாங்கி, அதிலும் ஆளுக்குப் பாதி குடிப்போம். மெஷினோடு கட்டிப்போட்டிருந்த நேரமெல்லாம் என்னிடம் பேசிக்கொண்டே இருப்பீர்கள். கல்யாணமாகி நாம் அவ்வளவு பேசியது அப்போதுதான்.

இப்போது ஃபேக்டரியில் ஓவர்டைம், சாயங்காலம் வாலிபால், சிநேகிதர்கள். வீட்டுக்கு வந்ததும் சாப்பிட்டுத் தூங்கிவிடுகிறீர்கள். நல்லதுதான். அதற்குத்தானே வேண்டிக்கொண்டேன்.

போன மாதம் காய்ச்சல் வந்து, டாக்டர் உங்களை உடனே அட்மிட் ஆகச் சொன்னாரே. பையில் துணி அடுக்கும்போது நான் ஏதோ பாட்டை முணுமுணுத்தேன். "என்னடி, கல்யாணத்துக்கா கிளம்புற?" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்துவிட்டேன்.

மறுநாள், கிட்னிக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னதும் அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து நர்ஸ் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

அன்றிலிருந்து சாமி படத்துக்கு விளக்கேற்றக் கை வரவில்லை.

திரும்பும்போது ரயிலில் காய்ச்சி ஆறிய தண்ணீரையே குடியுங்கள். இரண்டு வேளை மாத்திரையும் தவறக் கூடாது. நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். இதை மனதாரத்தான் எழுதுகிறேன், நம்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி