நாலு ஓம் பெட்டி இரண்டு

உப்பளத்துக்குக் கிளம்பிய மலர்கொடி, தூங்கிக்கொண்டிருந்த கணவன் ராஜவேலை எழுப்பாமல், காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினாள். கோயில் திருவிழாவில் அவர்களுடைய சவுண்ட் செட் ஆம்ப்ளிஃபயர் புகைந்ததிலிருந்து இருவருக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது.

"ஏங்க, சட்டியில மத்தி மீன் கொழம்பு இருக்குது, சூடு பண்ணிக்குங்க. செட்டு ரூம் சாவி அரிசி டப்பா மேல. பத்து மணிக்குக் கோட்டக்குப்பத்துலேர்ந்து ரிப்பேர்காரர் வர்றாரு. அவரை ஒண்ணு கேட்டு வைங்க. ஆம்ப் பின்னாடி, மாட்டுற பெட்டியோட தடை நாலு ஓமுக்குக் கொறையக் கூடாதுன்னு போட்டிருக்குது. நம்ம பேஸ் ஸ்பீக்கர் பெட்டி ஒவ்வொண்ணும் நாலு ஓம். ரெண்டையும் ஒரே சேனல்ல பக்கம் பக்கமாப் போட்டா எட்டுதானே வரணும்? அன்னிக்கு ரெண்டுதான் வரும்னு சொன்னீங்க. எப்படி?"

பேனாவைக் கடித்துக்கொண்டு சற்று நின்றாள்.

"உப்புப் பாத்திக்கு ரெண்டு மடையையும் ஒண்ணாத் தொறந்துட்டா, தண்ணிக்குத் தடை பாதியாயிடும், தண்ணி இறைக்கிற இன்ஜின் திணறும். அந்த மாதிரியா? அப்ப பெட்டிங்களை ஒண்ணு பின்னாடி ஒண்ணாக் கோத்தா எட்டா? தலை சுத்துது."

தாளில் இடம் தீர்ந்தது. செருப்பை மாட்டியவள் திரும்பி வந்து, ஓரத்தில் பொடி எழுத்தில் சேர்த்தாள்:

"கொழம்புல உப்பு கம்மி."

அதற்கும் கீழே, இன்னும் பொடியாக:

"எட்டு வரும், ரெண்டையும் மாட்டுங்கன்னு அன்னிக்கு அடம் புடிச்சது நான். தர்மகர்த்தா கேட்டப்ப ஏன் உங்க தப்புன்னு பழியை ஏத்துக்கிட்டீங்க? ஓம் கணக்கை ரிப்பேர்காரர் சொல்லிடுவாரு. இதை நீங்கதான் சொல்லணும்."